சாபி சாண்ட் சஃபாரி: கேம் டிரைவ்ல என்ன நடக்கும்? அம்மா, பையனோட போறோம்

கோவைக்காரி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. மே கடைசியில தென்னாப்பிரிக்கா கிளம்பறோம். நானு, வீட்டுக்காரரு, 8 வயசுப் பையன், 67 வயசுல எங்கம்மா. க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டி இருக்கற சாபி சாண்ட் காட்டுல ஒரு பெரிய லாட்ஜ்ல 3 ராத்திரிக்குப் பணம் கட்டியாச்சுங்க. ரொம்ப நாளா சேர்த்து வெச்ச காசு.

அவங்க அனுப்பின தாள்ல "காலை ஒரு கேம் டிரைவ், சாயங்காலம் ஒரு கேம் டிரைவ்"னு மட்டும் போட்டிருக்கு. விலங்கு பார்க்க வண்டியில காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறதாமுங்க. அந்த மூணு நாலு மணி நேரம் வண்டியில என்ன நடக்கும்னு யாராவது விவரமா சொல்லுங்களேன். படத்துல பார்த்தா வண்டிக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. சிங்கம் பக்கத்துல வந்து நின்னா பையன் கத்திருவானோன்னு பயமா இருக்கு. அம்மாவுக்கு முட்டி வலி, அடிக்கடி பாத்ரூம் போகணும். நாங்க சுத்த சைவம், முட்டையும் கிடையாது. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை அஞ்சையும் சேர்த்து பிக் ஃபைவ்ங்கறாங்களே, அத்தனையும் கட்டாயம் பார்த்திருவோமா?

ஜோபர்க் வாசி:

சகோதரி, நான் ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்ட்ல குடியிருக்கேன். ஊர்ல இருந்து யார் வந்தாலும் கூட்டிட்டுப் போறது சாபி சாண்டுக்குத்தான். எனக்கு உசிரான காடு. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

வண்டியைப் பார்த்ததும் பானெட்டோட இடது மூலையில, வெளியே நீட்டிக்கிட்டு ஒரு தனி இருக்கை தெரியும். அதுல உட்கார்றவர் டிராக்கர், அதாவது தடம் பார்க்கறவர். ஸ்டியரிங் பிடிக்கறவர் கைடு. வசதியான அறை உலகத்துல எங்கேயும் கிடைக்கும். உங்க காசுக்கு இங்க கிடைக்கிற பெரிய விஷயம் அந்த முன் இருக்கையில இருக்கற மனுஷரோட கண்ணு. சாபி சாண்ட் டிராக்கர்கள்ல பெரும்பாலானவங்க ஷங்கான் மக்கள், அந்த மண்ணுலயே பிறந்து வளர்ந்தவங்க. இந்த வித்தை அவங்களோட மறைஞ்சு போயிடக் கூடாதுன்னு 2010ல டிராக்கர் அகாடமின்னு ஒரு பயிற்சிப் பள்ளியே தொடங்கினாங்க. லோண்டலோஸிங்கற சாபி சாண்ட் லாட்ஜ்ல வேலை பார்த்த ரெனியஸ் ம்லோங்கோ அதுக்குப் பின்னால நின்னவங்கள்ல ஒருத்தர். முதல் நாளே உங்க டிராக்கர் பேரைக் கேட்டு வெச்சுக்கிட்டு, பேர் சொல்லிப் பேசுங்க. கைடோட மட்டும் பேசிட்டு இறங்கிப் போறவங்களைப் பார்த்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

அவர் என்ன செய்வார்னு ஒரு காலையை வெச்சுச் சொல்றேன். சாண்ட் ஆத்துக்குப் பக்கத்துல மண் பாதையில போயிட்டிருந்தோம். டிராக்கர் கையை மட்டும் தூக்கினார். வண்டி நின்னது. மண்ணுல ஒரு தடம். நகம் பதியலை, அதனால கழுதைப்புலியும் இல்லை, காட்டுநாயும் இல்லை. சிங்கத்தோடதுக்கு ரொம்பச் சின்னது. பெண் சிறுத்தைன்னார். தடத்துக்கு மேல பூச்சி ஊர்ந்த கோடு இருந்தா அது ராத்திரியே நடந்து போயிருக்கும். இதுல அப்படி ஒரு கோடும் இல்லை, ஓரமெல்லாம் உதிராம கூர்மையா இருந்துச்சு. அவர் இறங்கி நடக்க ஆரம்பிச்சார். கைடு துப்பாக்கியை எடுத்துக்கிட்டுக் கூடவே போனார். நாங்க வண்டியிலயே உட்கார்ந்திருந்தோம். இறுகின தரை வந்ததும் தடம் காணாம போச்சு. அப்புறம் கண்ணை விட்டுட்டுக் காதை வெச்சுத் தேடினாங்க. ஒரு அணில் நிறுத்தாம கத்திட்டே இருந்துச்சு. அந்தப் பக்கம் இம்பாலா மான் கூட்டம் மேயறதை விட்டுட்டு, எல்லாத் தலையும் ஒரே திசையைப் பார்த்துட்டு நின்னுச்சு. வண்டியைப் புதருக்குள்ள விட்டு அந்தப் பக்கமா வளைஞ்சு போனா, ஜாக்கல்பெரி மரத்துக் கிளையில வாலைத் தொங்கப் போட்டுப் படுத்திருக்கு சிறுத்தை. நேரா அதுக்கிட்டயே கொண்டு போய் விட்டிருந்தா நான் ஒரு படம் எடுத்திருப்பேன், அவ்வளவுதான். தேடிப் போனதாலதான் அது எப்படி அங்க வந்துச்சுன்னே எனக்குப் புரிஞ்சது.

புதருக்குள்ள வண்டியை விடறதுன்னு சொன்னேனில்ல, அது தனியார் காட்டுல மட்டும்தான் முடியும். க்ரூகர் பூங்காவுக்குள்ள சொந்த வண்டியில போனா சாலையை விட்டு இறங்கவே கூடாது, வாசல் மூடற நேரத்துக்குள்ள திரும்பிடணும். சாபி சாண்டுக்கும் க்ரூகருக்கும் நடுவுல இருந்த வேலியை 1993லயே எடுத்துட்டாங்க. விலங்குகளுக்கு ரெண்டும் ஒரே காடு, விதிதான் வேற. இங்க ஒரு சிறுத்தை கிட்ட பொதுவா மூணு வண்டிக்கு மேல நிக்க விட மாட்டாங்க. மத்த வண்டிக ரேடியோவுல சொல்லி வெச்சுட்டுத் தள்ளிக் காத்திருக்கும். உங்க முறை முடிஞ்சதும் கைடு கிளம்பச் சொன்னா மனசு வராது. அடுத்தவங்க வழிவிட்டதாலதான் நமக்கும் அந்த அமைதி கிடைச்சதுன்னு நினைச்சுக்குங்க.

ஒரு நாள் எப்படிப் போகும்னா: மே கடைசியில சூரியன் ஆறேகால் ஆறரைக்குத்தான் வரும். அஞ்சரை வாக்குல கதவைத் தட்டி எழுப்புவாங்க. காபி குடிச்சுட்டு இருட்டு விலகறப்போ கிளம்பினா ஒன்பது, ஒன்பதரைக்குத் திரும்பலாம். நடுவுல பாதுகாப்பான திறந்த இடமாப் பார்த்து இறக்கி காபி, ரஸ்க் குடுப்பாங்க. மத்தியானம் தூக்கம். மூணரைக்கு டீ, அப்புறம் சாயங்கால டிரைவ். சூரியன் மறையறப்போ இன்னொரு நிறுத்தம். இருட்டினதும் டிராக்கர் கையில பெரிய விளக்கு வந்துடும், அதை இடமும் வலமும் வீசி எதிரொளிக்கிற கண்ணைத் தேடுவார். மான், யானை மாதிரிப் பகல்ல நடமாடற விலங்கு மேல வெளிச்சத்தை நிறுத்த மாட்டாங்க, பாவம் அதுக கண்ணு கூசும். சிறுத்தை, கழுதைப்புலி, புனுகுப்பூனை எல்லாம் ராத்திரி முகம் காட்டும்.

குளிரைப் பத்தி யார் சொன்னாலும் நம்ம ஊர்க்காரங்க நம்பறதில்லை. ஆப்பிரிக்கான்னா வெயில்னு நினைச்சு டீ சர்ட்டோட வந்து இறங்கறாங்க. விடியக்காலை 10 டிகிரி பக்கம் இருக்கும், அதுல கூரை இல்லாத வண்டி ஓடறப்போ முகத்துல அறையற காத்து இருக்கே, அப்பப்பா. கம்பளியும் சுடுதண்ணிப் பையும் வண்டியிலயே தருவாங்க. இருந்தாலும் குல்லா, கையுறை, காது மூடற மப்ளர் அம்மாவுக்கும் பையனுக்கும் கட்டாயம் வேணும். பத்து மணிக்கு மேல எல்லாத்தையும் கழட்டிடுவீங்க.

இப்ப பையன் விஷயம். கூரை இல்லாத வண்டியில சிங்கம் ஏன் பாயறதில்லைன்னு அவனுக்கு முன்னாடியே சொல்லி வைங்க. இந்தக் காட்டு விலங்குக தலைமுறை தலைமுறையா இந்த வண்டிகளைப் பார்த்து வளர்ந்ததுக. வண்டியால அதுகளுக்குக் கெடுதலும் வந்ததில்லை, சாப்பாடும் கிடைச்சதில்லை. உட்கார்ந்திருக்கறவங்களையும் வண்டியையும் சேர்த்து ஒரே உருவமாத்தான் அதுக எடுத்துக்கும். எழுந்து நின்னாலோ கையை வெளியே ஆட்டினாலோ அந்த உருவம் உடையுது, ஆபத்து அங்கதான் ஆரம்பிக்குது. அதனால உட்கார்ந்தே இரு, மெதுவாப் பேசு, இந்த ரெண்டு மட்டும் அவனுக்குப் பதிஞ்சா போதும். பயந்துட்டான்னா கைடு தோளைத் தொட்டுச் சொல்லுங்க, வண்டியைப் பின்னால எடுத்துடுவார். வேட்டையாடித் தின்கிற காட்சி வந்து அவன் முகம் மாறினாலும் அப்படித்தான், வாய்விட்டுச் சொல்லிடுங்க. பல லாட்ஜ்ல 6 வயசுக்குக் கீழே இருந்தா டிரைவுக்கே கூட்டிட்டுப் போக மாட்டாங்க, உங்க பையனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

மே மாசம் இன்னொரு விஷயமும் இருக்கு. இம்பாலா மான்களுக்கு இணைசேர்ற காலம் அது. கிடாக்கள் உறுமிக்கிட்டும் செருமிக்கிட்டும் ஒண்ணை ஒண்ணு துரத்தும். ராத்திரி அறைக்கு வெளியே அந்தச் சத்தம் கேட்டா சிங்கம்னு நினைச்சுடுவீங்க. மான்தான்.

அம்மாவை டிரைவருக்குப் பின்னால முதல் வரிசையில உட்கார வைங்க. பின் வரிசை உயரம், பார்வை நல்லா இருக்கும், ஆனா குலுக்கலும் அங்கதான் அதிகம். ஏறி இறங்கறது உயரம்தான், பல லாட்ஜ்ல படிக்கட்டு மாதிரி ஒண்ணு வெச்சிருப்பாங்க. பாத்ரூமுக்குக் கூச்சமே படக் கூடாது. சொன்னா போதும், கைடு ஒரு புதருக்குப் பின்னால போய்ப் பார்த்துட்டு வந்து கூட்டிட்டுப் போவார். இது அவங்களுக்குத் தினசரி வேலை. அடக்கிக்கிட்டு உட்கார்ந்து அம்மா ஒரு டிரைவை இழந்துடக் கூடாது.

சாப்பாட்டுக்கு இப்பவே மெயில் போடுங்க. முட்டை இல்லாத சைவம்னு தெளிவா எழுதினா லாட்ஜ் சமையல்காரங்க நல்லாவே செய்வாங்க. கவனமா இருக்க வேண்டியது காட்டுக்குள்ள நிறுத்தறப்போதான். சாயங்காலத் தட்டுல பருப்பு, உலர்பழத்தோட கறுப்பாத் துண்டு துண்டா பில்டாங் இருக்கும், அது உலர்த்தின இறைச்சி. ரஸ்க்ல முட்டை இருக்கலாம். காலைக் காபியில அமருலா ஊத்தட்டுமான்னு அன்பாக் கேட்பாங்க, அது மது. ராத்திரி அறைக்குத் தனியா நடக்கக் கூடாது, பெரும்பாலான லாட்ஜ்களைச் சுத்தி விலங்கைத் தடுக்கிற வேலி கிடையாது. ஆள் துணைக்கு வருவாங்க.

நைரோபி நண்பன்:

ஜோபர்க் அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டார். நான் வழிப்பயணம் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா உங்க அம்மா வயசைப் பார்த்ததும் மனசுக்கு உறுத்துது.

நைரோபி வழியாவோ அடிஸ் அபாபா வழியாவோ டிக்கெட் மலிவாக் கிடைக்கும். கென்யாவும் எத்தியோப்பியாவும் மஞ்சள் காய்ச்சல் பட்டியல்ல இருக்கற நாடுகள். அந்த நாட்டு விமான நிலையத்துல 12 மணி நேரத்துக்கு மேல இருந்தா தென்னாப்பிரிக்காவுல தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பாங்க. திரும்பி வரும்போது இந்தியாவும் இதுல ரொம்பக் கறார், சான்றிதழ் இல்லாம அந்த நாடுகள்ல இருந்து வந்தா 6 நாள் வரைக்கும் தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும். சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடறாங்க. ஆனா 60 வயசுக்கு மேல அந்த ஊசியைப் போடறதுக்கு முன்னால மருத்துவர் நல்லா யோசிப்பார், பின்விளைவுக்கான வாய்ப்பு அந்த வயசுல கூடுதல். அதனால அம்மாவோட போறப்போ துபாய், தோஹா வழியாப் போறதே நிம்மதி. மலேரியா மாத்திரை வேற விஷயம், அதுக்கும் கிளம்பறதுக்கு முன்னாடியே மருத்துவரைப் பாருங்க.

கென்யாவுல இருக்கற மசாய் மாரா காப்பகத்தோட ஒப்பிட்டுக் கேட்கறவங்களுக்காக ரெண்டு வரி. மாரா திறந்த புல்வெளி, தூரத்துலயே விலங்கு தெரிஞ்சுடும். ஜூலையில இருந்து அக்டோபர் வரைக்கும் வில்டபீஸ்ட்ங்கற, மாடு மாதிரி இருக்கற மான் கூட்டம் வரும், ஆத்தைத் தாண்டற இடத்துல வண்டிக் கூட்டமும் வரும். அமைதி வேணும்னா ரிசர்வுக்கு வெளியே நபோய்ஷோ, மாரா நார்த் மாதிரி கன்சர்வன்சிகள்ல தங்கணும். மசாய் குடும்பங்கள் கிட்ட குத்தகைக்கு எடுத்த நிலம் அது. வண்டிக்குக் கட்டுப்பாடு உண்டு, ராத்திரி டிரைவும் உண்டு. சாபி சாண்ட் புதர்க்காடு. சிறுத்தைக்கு அதை மிஞ்ச இடமில்லைன்னு கென்யாவுல இருக்கற நானே ஒத்துக்கறேன்.

கோவைக்காரி:

ரெண்டு அண்ணனுக்கும் கோடி நன்றிங்க. டிக்கெட் இன்னும் போடலை, துபாய் வழியாவே போட்டுக்கறோம்.

இன்னும் மூணு சந்தேகமுங்க. அம்மாவுக்குச் சிங்கத்தை விட யானைதான் பயம். எங்க தோட்டத்துப் பக்கம் யானை வந்து வேலியை முறிச்சு வாழையை அழிச்சதை எல்லாம் பார்த்தவங்க. திறந்த வண்டியில யானைக்கூட்டத்துக்கு நடுவுல நின்னா என்ன பண்ணுவாங்களோ. அடுத்தது, டிப்ஸ் எவ்வளவு, யாருக்குக் குடுக்கறது? கடைசியா, வீட்டுக்காரர் கேட்கறாரு, இவ்வளவு செலவு பண்ணிட்டு ஒரு டிரைவ்ல ஒண்ணுமே கண்ணுல படலைன்னா?

படம்பிடிப்பவள்:

வீட்டுக்காரர் கேமரா எடுத்துட்டு வர்றாரா? சாபி சாண்ட்ல விலங்கு ரொம்பக் கிட்ட வரும், 100-400 லென்ஸ் ஒண்ணு இருந்தா போதும், ஜூம் ஆகாத பெரிய பிரைம் லென்ஸைத் தூக்கிட்டு அலைய வேண்டாம். லென்ஸை வண்டியில வெச்சு மாத்தாதீங்க, புழுதி உள்ள போயிடும். டிரோன் கொண்டுபோகவே கூடாது. லாட்ஜுக்குச் சின்ன விமானத்துல போறதா இருந்தா உருட்டற கடினப் பெட்டியை ஏத்த மாட்டாங்க, துணிப்பை மாதிரி மெத்துன்னு இருக்கற பைதான், அதுக்கும் எடை வரம்பு உண்டு. அம்மாவுக்கும் பையனுக்கும் ஆளுக்கொரு பைனாகுலர் வாங்கிக் குடுங்க. ஒண்ணை வெச்சுக்கிட்டு நாலு பேர் கை மாத்தறதுக்குள்ள பறவை பறந்துடும்.

ஒரு வேண்டுகோள். காண்டாமிருகம் படம் எடுத்தா இடத்தோட பேரைப் போட்டு வலையில ஏத்தாதீங்க, போன்ல லொக்கேஷனை அணைச்சுடுங்க. கள்ள வேட்டைக்காரங்களுக்கு அது துப்பு. கொம்பு வெட்டின காண்டாமிருகத்தைப் பார்த்தா பையன் கேட்பான். மயக்க மருந்து குடுத்து, வேரை விட்டுட்டு மேலே மட்டும் வெட்டறாங்க. நம்ம நகம் மாதிரியே கெராட்டின், வலிக்காது, திரும்ப வளரும். கொம்புக்காக அதைச் சுட்டுக் கொல்லக் கூடாதுங்கறதுக்காகத்தான் இத்தனையும்.

ஜோபர்க் வாசி:

அம்மாவோட பயம் நியாயமான பயம். யானை வந்துபோன தோட்டத்தைப் பார்த்தவங்க கிட்ட "ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றது மரியாதை இல்லை. அதனால முதல் டிரைவ் கிளம்பறதுக்கு முன்னாடியே கைடு கிட்ட அந்தக் கதையைச் சொல்லுங்க. முதல்ல தூரத்துல நிறுத்துவார், அம்மா சரின்னா கொஞ்சம் கிட்டப் போவார்.

அம்மாவுக்கு ஒரு விவரம். யானையோட கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல ஈரமா ஒரு கோடு வழிஞ்சா நம்ம ஊர்ல மதம்னு ஓடுவோம். ஆப்பிரிக்க யானையில பெண்ணுக்கும் குட்டிக்கும் கூட அது வழியும், உணர்ச்சி கூடினாலே போதும். ஆண் யானைக்கு அதோட சேர்ந்து பின்னங்கால் நனைய மூத்திரம் சொட்டிக்கிட்டே இருந்து, தலையைத் தூக்கி நடந்து வந்தா அதுதான் மதம். அதைக் கண்டா கைடே ஒதுங்கிடுவார். காதை விரிச்சுத் தலையை ஆட்டினா "தள்ளி நில்லு"ங்குது. மண்ணை வாரிப் போட்டுக்கிட்டு, கிளையை ஒடிச்சுத் தின்னுட்டு, குட்டியை வண்டிப் பக்கம் வர விட்டா கூட்டம் நிம்மதியா இருக்குன்னு அர்த்தம். இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டா அம்மா நமக்கு முன்னால யானையோட மனசைப் படிச்சுடுவாங்க. நம்ம ஊர்ல யானையைச் சந்திக்கிறது பெரும்பாலும் நிலத்துக்கான சண்டையில. இங்க அதைத் துரத்த யாரும் இல்லை. அப்படி ஒரு யானையை அவங்க ஒரு தடவை பார்க்கணும்னு எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு.

டிப்ஸ் கட்டாயம் கிடையாது, ஆனா வழக்கம் உண்டு. கைடுக்குத் தனி, டிராக்கருக்குத் தனி, அறை, சமையல், சலவை ஆளுகளுக்குப் பொதுவா ஒரு பெட்டி. எவ்வளவுன்னு லாட்ஜ்லயே கேட்டா ஒரு வழிகாட்டுத் தொகை சொல்வாங்க. தென்னாப்பிரிக்கப் பணமான ராண்ட் நோட்டா வெச்சுக்குங்க. டிராக்கருக்கு உள்ளதை அவர் கையிலேயே குடுங்க, கைடு மூலமா வேண்டாம்.

இந்த நிலத்துக்கும் ஒரு கதை உண்டு, வீட்டுக்காரருக்குப் பிடிக்கும். தனியார் நில உரிமையாளர்கள் சேர்ந்து 1948ல சாபி சாண்ட் காப்புக்காட்டை அமைச்சாங்க. அதுக்கு முன்னால அங்க வாழ்ந்த குடும்பங்களோட வாரிசுகள் பின்னாளில் நிலத்தைக் கேட்டு மனு போட்டாங்க. சாபி சாண்டுக்குள்ள இருக்கற மாலாமாலா பகுதியை 2013ல அரசே விலைக்கு வாங்கி அந்த உள்ளூர்ச் சமூகத்துக்குக் குடுத்துச்சு. சஃபாரி இன்னைக்கும் அங்க நடக்குது. உங்க லாட்ஜ் யாரோட நிலத்துல இருக்குன்னு கேளுங்க. நல்ல கைடுகள் இதை ஆர்வமாப் பேசுவாங்க.

ஒண்ணுமே படலைன்னா? வெறுங்காடுங்கறது இங்க இல்லை. ஆனா அஞ்சுல ஒண்ணோ ரெண்டோ ஒரு டிரைவ்ல தப்பலாம். காட்டெருமைக் கூட்டம் உங்க லாட்ஜ் எல்லையைத் தாண்டி அடுத்த நிலத்துக்குப் போயிடுச்சுன்னா உங்க வண்டி அதுகளைத் தொடர்ந்து போக முடியாது. லாட்ஜுக்கு லாட்ஜ் சுத்தி வர்ற நிலத்தோட அளவு வேற. சிங்கம் ஒரு நாள்ல 20 மணி நேரம் வரைக்கும் தூங்கும், நீங்க போறப்போ முழிச்சிருக்கும்னு சொல்ல முடியாது. சிங்கத்தைப் பார்த்து ரெண்டு நிமிஷத்துல "அடுத்தது"ன்னு கைடை விரட்டறவங்க உண்டு, அவங்க பார்த்ததெல்லாம் தூங்கற சிங்கம்தான். உங்களுக்கு ஆறு டிரைவ் கிடைக்குது. முதல் சாயங்காலமே கைடு கிட்ட "எங்களுக்குப் பட்டியல் முக்கியமில்லை, ஒரு விலங்கு கிட்ட போனா பொறுமையா உட்கார்ந்திருக்கோம்"னு சொல்லிடுங்க. அப்படிச் சொன்னதும் அவங்க முகமே மலரும். சாயங்காலம் வெளிச்சம் இறங்கறப்போ சிங்கம் ஒண்ணு கொட்டாவி விடும், அடுத்தது விடும், எழுந்து ஒண்ணோட ஒண்ணு தலையை உரசும். அதுக்கப்புறம்தான் கூட்டம் வேட்டைக்கு நடக்கும். பத்து நிமிஷம் முன்னால கிளம்பிப் போன வண்டிக்கு இதுல எதுவும் கிடைக்காது.

அதே பொறுமை வண்டியில இருக்கற மத்தவங்களுக்கும் வேணுமே. ஒரு வண்டியில பொதுவா ஆறு பேர். நீங்க நாலு பேர், மீதி இடத்துல வேற ஜோடி வரலாம். அம்மாவுக்கு அடிக்கடி நிறுத்தணும், பையன் கேள்வியாக் கேட்பான்னு நினைச்சா, தனி வண்டிக்கு எவ்வளவுன்னு கேட்டுப் பாருங்க. செலவு கூடும்தான். அறையைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கிட்டாவது தனி வண்டி எடுக்கலாம்னுதான் நான் சொல்வேன், அறையில நீங்க இருக்கப் போறது மத்தியானத் தூக்கத்துக்குத்தான். மெயில்ல இந்த நாலையும் சேர்த்தே எழுதிடுங்க: முட்டை இல்லாத சைவம், அம்மாவோட முட்டி வலி, யானைப் பயம், தனி வண்டி கிடைக்குமா. மே மாசத்துக்குத் தனி வண்டிகள் சீக்கிரம் போயிடும், இந்த வாரமே கேட்டுடுங்க.